ஜெனோவாவில் வரன் விசாரித்த கதை

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் சாய்ந்த கோபுரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. தெருவெல்லாம் படகு ஓடுகிற ஊரையும் பார்க்கவில்லை. நான் போனது ஜெனோவா என்கிற பழைய துறைமுக நகரத்துக்கு. அங்கே பார்க்கப் போனது இரும்புத் தகட்டை வளைக்கிற மெஷின் ஒன்றை. துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் பாய்லர் பட்டறையின் முதலாளிக்குப் புது மெஷின் வாங்க மனசு வரவில்லை. யாரோ ஒரு இத்தாலிக்காரர் ஓட்டி ஓய்ந்துபோனதை வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார். அதில் எங்கே ஓட்டை, எங்கே விரிசல் என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார். குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற தொழில்.

இந்தச் செய்தி ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்கா பத்மாவின் காதில் விழுந்த அன்றே பயணத்தின் நோக்கம் மாறிவிட்டது. அவள் பெண் மைதிலிக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் முகுந்தன். ஜெனோவா துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் எஞ்சினியர். அவன் அம்மா சித்திரை வீதியில் இருக்கிறார், என் அக்கா உத்திர வீதியில். நடுவில் ஒரு மதில்தான். ஜாதகம் அமோகமாகப் பொருந்திவிட்டது. பாக்கி இருந்தது பையனைப் பற்றி விசாரிப்பது. மளிகைக் கடைக்காரனுக்குத் தெரியாத மாப்பிள்ளை உலகத்தில் கிடையாது என்பது அக்காவின் கொள்கை.

"அவன் இருக்கற தெருவுல கடை கண்ணி இருக்குமோல்லியோ? பக்கத்தாத்துல மனுஷா இருப்பாளோல்லியோ? போய்க் கேளு. கூச்சப்படாதே" என்றாள்.

நான் ஸ்ரீரங்கத்தை விட்டுக் காட்டூருக்குக் குடிபோய் வருஷக்கணக்காகிறது. அதனால் ஆசாரம் போனவன் என்று அக்கா வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. திடீரென்று எனக்கு மரியாதை கூடிவிட்டது. தாய்மாமன் இத்தாலிக்கே நேரில் போய் விசாரிக்கிறான் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. தை மாதத்துக்கு மண்டபம்கூடப் பேசி வைத்திருந்தாள். 'பையன் நல்லவன்' என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மைதிலிதான் என்னை ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டாள். அவள் பிசியோதெரபிஸ்ட். தில்லைநகரில் ஒரு சிநேகிதியோடு சேர்ந்து சின்னதாகக் கிளினிக் திறந்து, இப்போதுதான் நாலு பேர் தேடி வர ஆரம்பித்திருக்கிறார்கள். வழியெல்லாம் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டு வந்தவள், ஏர்போர்ட் வாசலில் வண்டியை நிறுத்தியதும் குரலை இறக்கினாள்.

"எனக்கு அவரைப் பத்தி ஒண்ணும் இல்லை மாமா. நன்னாத்தான் பேசறார். எனக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான்."

வீடியோவில் இரண்டு முறை பேசியிருக்கிறார்கள். இரண்டு முறையும் இந்தப் பக்கம் என் அக்கா, அந்தப் பக்கம் அவன் அம்மா, கூடவே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அங்கே எதைச் சொல்வது. அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். அவள் டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஏதாவது குறை இருந்தா மறைக்காம சொல்லிடுங்கோ மாமா. இல்லேன்னாலும் சொல்லிடுங்கோ."

எங்கள் குடும்பத்தில் யாரும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. சனியோ செவ்வாயோ பார்த்துச் சொல்லும், நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். இந்தத் தடவை கிரகங்கள் கைவிட்டுவிட்டன. அவற்றின் வேலை என் தலையில் விழுந்தது. முகுந்தனிடம் ஒரே ஒரு குறை கிடைத்தால் என் மருமாள் தப்பினாள். கிடைக்காவிட்டால் தையில் நாதஸ்வரம். விமானம் ஏறும்போது எனக்கு மெஷின் ஞாபகமே இல்லை.

ஜெனோவா ரயில் நிலையத்தில் முகுந்தன் காத்திருந்தான். சற்றுப் பூசின உடம்பு, கண்ணாடி, சிரித்த முகம். என்னைப் பார்த்ததும் தோள் பையைக் கீழே வைத்தான். எதற்கு வைக்கிறான் என்று யோசிப்பதற்குள் பிளாட்பாரத்திலேயே நெடுஞ்சாண் கிடையாக விழுந்து சேவித்துவிட்டான். பின்னால் வந்தவர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து அவன் கன்னத்தைத் தட்டினாள். இன்னொருவர் கூட்டத்தைப் பார்த்து, காற்று வரட்டும், தள்ளி நில்லுங்கள் என்று கத்தியதாக அவன் பிறகு மொழிபெயர்த்தான். அவன் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் நன்றி சொன்னான். இந்தக் காலத்துப் பையன் ஒருவன் இவ்வளவு பணிவாக இருந்தால் உள்ளே ஏதோ இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஓட்டல் பழைய ஊருக்குள் இருந்தது. சந்து என்றால் என்ன என்று ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஜெனோவாக்காரர்கள் சந்துக்குள் சந்து வைத்து அதற்குள் இன்னொன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆறு மாடி, ஏழு மாடி. மேலே ஆகாயம் ஒரு வேட்டிக் கரை அளவுக்குத் தெரிகிறது. அதையும் மறைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். கீழே நடக்கிறவன் தலையில் யாருடைய பனியனோ சொட்டுகிறது. ஒரு திருப்பத்தில் சலவைக்கல் மாளிகை, அடுத்த திருப்பத்தில் மூத்திர நாற்றம். முனைக்கு முனை சுவரில் மாடம் வைத்து மாதா சிலை, பக்கத்தில் ஒரு பல்பு. நம் ஊரில் அந்த இடத்தில் பிள்ளையார் இருப்பார். இரண்டு ஊரிலும் தெய்வத்துக்குக் கீழேதான் குப்பையைக் கொட்டுகிறார்கள்.

இந்தியாவைத் தேடிக் கப்பலேறி வேறு எங்கேயோ போய் இறங்கிய மாலுமி இந்த ஊர்க்காரர்தான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் வீடு என்று ஒன்றைக் காட்டி டிக்கெட்டும் போடுகிறார்கள். இந்தச் சந்துகளில் வளர்ந்தவருக்கு வழி தவறியதில் ஆச்சரியமில்லை. நானே பால் வாங்கப் போய் மூன்று தடவை துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் மெஷின். நகரத்தின் மேற்கில் புகை பிடித்த பட்டறைகளுக்கு நடுவில் அது நின்றது. விற்கிற ஆசாமி அதைத் தடவிக் கொடுத்து, முத்தம் வைக்காத குறையாகப் பேசினார். எல்லாம் புது பெயிண்ட். இரும்புக்குப் புது பெயிண்ட் அடித்தாலே எனக்குக் கை அரிக்கும். அடிப்பாகத்தில் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். அவர் ஆகாயத்தைப் பார்த்தார், மாதாவைக் கூப்பிட்டார், பிறகு என்னைச் சாப்பிட அழைத்துப் போனார். வேலை அரை நாளில் முடிந்தது. முதலாளிக்குப் போட்டோ அனுப்பிவிட்டு, மத்தியானத்திலிருந்து அக்கா கொடுத்த வேலையில் இறங்கினேன்.

முகுந்தன் ஆபீஸில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவன் தெருவுக்குப் போனேன். அது மேட்டுமேல் இருக்கிறது. இந்த ஊரில் தெருவுக்கே லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். ஒரு சுரங்கப் பாதைக்குள் நடந்து போய், மரச் சட்டம் போட்ட லிஃப்டில் பஸ் டிக்கெட்டோடு ஏறினால், மேலே ஒரு மைதானத்தில் கொண்டுபோய் விடுகிறது. கீழே கறுப்புக் கல் கூரைகள், அதற்கப்பால் கிரேன்கள், கடல், கலங்கரை விளக்கம். மலைக்கோட்டையில் மூச்சு வாங்கப் படியேறிய எனக்கு, புண்ணியம் இல்லாமல் இவ்வளவு நல்ல காட்சி கிடைப்பது சரியாகப் படவில்லை.

மளிகைக் கடை எதுவும் கண்ணில் படவில்லை. ஃபொகாச்சா விற்கிற பேக்கரி இருந்தது. ஃபொகாச்சா என்பது எண்ணெயில் குளித்த தட்டை ரொட்டி. காலையில் அதைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். பன் பட்டர் ஜாமை டீயில் தோய்க்கிற நம்மைப் பார்த்து இனி யாரும் சிரிக்க முடியாது. பேக்கரிக்காரர் கை முழுக்க மாவோடு நின்றார், பக்கத்தில் மனைவி. கேள்விகளை முன்கூட்டியே போனில் மொழிபெயர்த்து வைத்திருந்தேன். முகுந்தனின் போட்டோவைக் காட்டிவிட்டுப் போனை நீட்டினேன். இவரைத் தெரியுமா? பழக்கவழக்கம் எப்படி? குடிப்பாரா? வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள்?

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். மனைவியிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். நீங்கள் யார் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் விஷயம் ஊரில் அவன் அம்மா காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்து, சுருக்கமாகத் தட்டிக் காட்டினேன்: நான் ஒரு பெண்ணின் தாய்மாமன்.

வரிசையில் நின்ற ஒரு கிழவர் ரொட்டியை வாங்காமலே வெளியே போனார். பேக்கரிக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்தார். அவர் மனைவி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு பெண்ணுக்கு ஏதோ ஆகி, அவள் தாய்மாமன் கடல் தாண்டிக் கணக்குத் தீர்க்க வந்திருக்கிறான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு அப்போது புரியவில்லை. என் மீசையும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். முகுந்தன் தங்கமான பையன், குடிப்பதில்லை, யாரும் வருவதில்லை, மாதாமேல் ஆணை என்றாள். பிறகு எனக்கு ஒரு பெரிய துண்டு ஃபொகாச்சாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, காசு வேண்டாம் என்று வாசல் வரை வந்து அனுப்பினாள்.

அடுத்த நாள் பஸ் ஸ்டிரைக். எதற்கு என்று ஓட்டல்காரரைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். அதையே காரணமாகத்தான் சொன்னார். லிஃப்டும் ஓடவில்லை. படியேறிப் போனேன். புண்ணியக் கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

முடிதிருத்தும் கடைக்காரர் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரோடு ஊரையே திட்டிக்கொண்டிருந்தார். மேயர் சரியில்லை, துறைமுகம் சரியில்லை, மழை சரியில்லை, பேத்தி கட்டிக்கொண்ட பையன் சரியில்லை. கையாட்டலும் முகச்சுளிப்புமாகப் பாதி புரிந்தது, மீதிக்குப் போன் உதவியது. இவரிடம் கிடைத்துவிடும் என்று ஆசையோடு போனேன். முகுந்தனின் பெயரைச் சொன்னதும் அவர் வாய் பூட்டு போட்டதுபோல் மூடிக்கொண்டது. நல்ல பையன் என்றார். முடி எப்படி என்றேன், வேறு கேள்வி தோன்றாமல். நல்ல முடி என்றார்.

நம் ஊரில் ஒரு பையனைப் பற்றி விசாரிக்கப் போனால், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். அவன் தாத்தா தாசில்தார் ஆபீஸில் மாட்டிக்கொண்ட கதைவரை வந்துவிடும். இங்கே எல்லாவற்றையும் குறை சொல்கிற ஜனங்களிடம் ஒரு பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒரு குறை வாங்க முடியவில்லை. எனக்கு உள்ளூர எரிச்சலாக இருந்தது.

கடைசியில் அவன் வீட்டுக்குக் கீழ் வீட்டில் இருக்கும் கார்லா என்கிற அம்மாள் அகப்பட்டாள். குட்டி நாய் ஒன்றை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். முதலில் அவளும் தங்கம், வைரம் என்று ஆரம்பித்தாள். நான் விடாமல், ஒரு குறைகூடவா இல்லை என்று தட்டிக் காட்டினேன். அவள் யோசித்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒன்று உண்டு என்றாள். போனை அவள் வாயருகே நீட்டினேன்.

அவனுடைய துளசி மட்டம் என்றாள். இந்த ஊரில் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு செடி இருக்கிறது. அதைப் பூண்டும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்து எதன்மேல் வேண்டுமானாலும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அதுதான் ஊர்ப் பெருமை. முகுந்தன் பால்கனியில் தொட்டி வைத்து, சேவிக்கிற துளசி வளர்த்திருக்கிறான். அவன் ஊரில் இல்லாதபோது தண்ணீர் ஊற்ற வந்த கார்லா, செழிப்பாக இருக்கிறதே என்று முழுவதையும் கிள்ளிக்கொண்டு போய்ப் பூண்டு வைத்து அரைத்துவிட்டாள். கஷாயம் மாதிரி இருந்ததாம். திரும்பி வந்தவன் மொட்டைத் தொட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம், அடுத்த வாரம் அவளுக்கு நல்ல நாற்றாக ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்தானாம். பெருமாளுக்குச் சாத்துகிற துளசியைப் பூண்டோடு அரைத்தவளை மன்னித்தவன். இதை அக்காவிடம் சொன்னால் இவனுக்குக் கோயில் கட்டுவாள்.

சனிக்கிழமை முகுந்தன் என்னை வீட்டுக்கு அழைத்தான். படுசுத்தமான வீடு. அலமாரியில் பெருமாள் படம், அடுப்படியில் குக்கர். நான் கண்ணை நாலாபக்கமும் ஓட்டினேன். சமையலறை மேல்தட்டில் கறுப்பாக ஒரு ஒயின் பாட்டில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் கை கழுவப் போன நேரம் பார்த்து எக்கி எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தேன். நல்லெண்ணெய். அவன் அம்மா அனுப்பியது, டப்பா ஒழுகியதால் இதில் ஊற்றி வைத்ததாகப் பின்னாலிருந்து அவன் குரல் சொன்னது.

"மாமா, இன்னும் யாரையாவது கேக்கணும்னா சொல்லுங்கோ, நானே அழைச்சுண்டு போறேன்" என்றான். "முதல் நாளே பேக்கரியிலேர்ந்து போன் வந்துடுத்து. கார்லா போலீஸைக் கூப்பிடட்டுமான்னு கேட்டா. எங்க ஊர் வழக்கம், ஒண்ணும் பண்ண மாட்டார்னு சொல்லி வெச்சேன்."

கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவனே வாங்கி மேலே வைத்தான்.

சாயங்காலம் லிஃப்ட் மைதானத்தில் உட்கார்ந்திருந்தோம். இந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி ஓயாமல் முணுமுணுக்கிறார்கள் என்று கேட்டேன். அவன் ஒரு கதை சொன்னான். பழைய காலத்தில் இங்கே கப்பலில் ஆள் எடுக்கும்போது இரண்டு விதமாக எடுப்பார்களாம். வாய் திறக்காமல் வேலை செய்கிறவனுக்குக் கூடுதல் சம்பளம். முணுமுணுக்க உரிமை வேண்டும் என்பவனுக்குக் குறைவு. பெரும்பாலோர் குறைந்த சம்பளத்துக்கே கையெழுத்துப் போடுவார்களாம். நிஜமோ பொய்யோ, ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கிறது என்றான். நானும் சிரித்தேன். ஏர்போர்ட் வாசலில் டிக்கியைத் திறந்துகொண்டு நின்ற மைதிலியின் முகம் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் அவன் கேட்டான், அவளுக்கு இந்த ஊர் பிடிக்குமா என்று. பிசியோதெரபி படித்தவர்கள் இங்கே தொழில் பண்ண என்ன பரீட்சை எழுத வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தான். சாப்பாட்டு மேஜைக்கு இரண்டாவது நாற்காலிகூட வாங்கிவிட்டதாகக் கூச்சத்தோடு சொன்னான். மத்தியானம் நான் உட்கார்ந்தது அதில்தான். பிடிக்கும், பிடிக்காமல் என்ன என்று எதையோ முணுமுணுத்தேன். முதலாளியின் மெஷினைப் போல இவனும் எங்காவது விரிசலோடு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்ப வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மறுபடி அவன் வீடு. கத்திரிக்காய்க் கறியமுது, சாத்துமது, தயிர். வீட்டில் நான் இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டு நாளாயிற்று. காப்பிக்குப் பால் இல்லை என்று அவன் கீழே இறங்கிப் போனான். இந்த ஊரில் சாப்பாட்டுக்கு மேல் பால் காப்பி கேட்டால் கடைக்காரர் சொந்தத்தில் சாவு விழுந்ததுபோல் பார்க்கிறார், அதனால் வீட்டிலேயே போட்டுவிடலாம் என்றான். அவன் போன சமயம் பார்த்து அக்கா கூப்பிட்டாள். கையில் தயிர் சாதம். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னடா, விசாரிச்சாச்சா?" என்றாள்.

பொய் சொல்வதற்கு நாலு நாள் தயார் செய்திருந்தேன். குடிக்கிறான் என்று சொல்லலாம். யாரோ ஒருத்தியோடு பார்த்தேன் என்று சொல்லலாம். எதிரே பெருமாள் படம், தட்டில் அவன் சமைத்த சாதம். சரி, எங்கள் குடும்பத்தில் ஒருத்தனாவது ஒரு தடவை உள்ளதைச் சொல்வோம் என்று ஒரு வீராப்பு வந்தது. பாவம், அக்காவுக்குத் தெரியாது, தெரிந்தால் அவளே நிறுத்திவிடுவாள் என்றும் நம்பினேன்.

"அக்கா, பையன்ல ஒண்ணும் குறையில்லை. மைதிலிக்குத்தான் இஷ்டமில்லை. என்கிட்டயே சொன்னா" என்றேன்.

அந்தப் பக்கம் அக்கா ஆச்சரியப்படவில்லை. கொல்லையில் யாரையோ குழாயை மூடச் சொல்லிவிட்டு வந்தாள்.

"அது எனக்குத் தெரியாதாடா? ஒரு மாசமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு இருக்கா. வாய் விட்டே சொல்லிட்டா, எத்தனையோ தடவை. அதுக்கா உன்னை அனுப்பிச்சேன்? பையன் எப்படி, அதைச் சொல்லு."

வாசல் கதவு திறந்தே இருந்தது. முகுந்தன் கையில் பாலோடு நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. என் அக்காவை நினைத்தும், இத்தனை நாள் பேக்கரியிலும் முடிதிருத்துகிற கடையிலும் நான் செய்துகொண்டிருந்ததை நினைத்தும். அவன் பாலை மேஜையில் வைத்தான். மெதுவாக வந்து, இரண்டாவது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தான்.

"மாமி, நமஸ்காரம். முகுந்தன் பேசறேன்" என்றான். "உங்ககிட்ட மறைக்கப்படாது. நான் இங்க மாட்டுக்கறி சாப்பிடறேன். பழகிடுத்து. கல்யாணத்துக்கு அப்புறமும் விடறதா இல்லை."

நான் தயிர்க் கையோடு போனைப் பறிக்கப் போனேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் என்ன செய்கிறான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இந்தச் சொல் உத்திர வீதியிலிருந்து புறப்பட்டால், சாயரட்சைக்குள் மதிலைத் தாண்டிச் சித்திரை வீதிக்குப் போய்விடும். அவன் அம்மா கோயிலுக்குப் போனால் நின்று பேச ஆள் இருக்காது. ஸ்ரீரங்கத்தில் இனி அவனுக்குப் பெண் கிடைக்காது. மீன் கடைப் பக்கம்கூடப் போகாதவன் இதைச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

போனில் "பெருமாளே" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. பிறகு என்னை அழைத்தாள்.

"நீ பார்த்தியாடா? உன் கண்ணால பார்த்தியா?"

முகுந்தன் என்னைப் பார்த்தான். மைதிலி எத்தனையோ தடவை சொன்ன 'வேண்டாம்' அசைக்காத கல்யாணம், இவனுடைய ஒரு பொய்யில் நின்றுபோக இருந்தது. நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தைதான் மிச்சம். இருபத்தைந்து வருஷமாகக் குறை இருக்கிற இடத்தில்தான் குறை என்று எழுதியிருக்கிறேன். குறையே இல்லாத பொருளை முதல் தடவையாகக் கழித்துப் போட்டேன்.

"பார்த்தேன் அக்கா" என்றேன்.

அவள் நீளமாக மூச்சு விட்டது இத்தாலி வரை கேட்டது.

"நல்ல வேளைடா, நீ நேர்ல போய் விசாரிச்சே" என்றாள். "இல்லேன்னா என் பொண்ணோட வாழ்க்கை என்ன ஆயிருக்கும்?"